ஜில்லென்று ஓர் அயனம்பாக்கம்

மார்கழி மாதம் காலை ஐந்தே முக்கால் மணிக்கு அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் போனீர்களானால், எவரெஸ்ட் ஏறக் கிளம்பிய கோஷ்டி ஒன்று வழி தவறி இங்கே வந்துவிட்டதோ என்று சந்தேகப்படுவீர்கள். மங்கி குல்லா, மப்ளர், முழுக்கை ஸ்வெட்டர், காதில் பஞ்சு... இத்தனையும் மேலே. கீழே அரை டிராயர்! (ஏன் சார், குளிர் முட்டிக்குக் கீழே வராதா?)

ஏரித் தண்ணீர் மேல் லேசாகப் புகை மாதிரி எழும்பிக்கொண்டிருக்கும். ராத்திரி காற்று குளிர்ந்துவிடும், தண்ணீர் அத்தனை சீக்கிரம் குளிராது. வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து கிளம்புகிற ஆவி குளிர்ந்த காற்றில் பட்டுப் புகையாய்த் தெரிகிறது. அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளின் மேல் மாடிகள் மட்டும் அந்தரத்தில் மிதக்கும். எங்கிருந்தோ கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. மெயின் ரோட்டில், அதாவது வானகரம் - அம்பத்தூர் சாலையில், எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற கம்பெனி வேன்கள். டீக்கடையில் பாய்லரை ஒட்டி நிற்பதற்கு மட்டும் ஒரு போட்டி.

"இன்னா குளுருபா... ஊட்டி தோத்துது போ!" என்றார் பால்காரர்.

என் கைபேசி 21 டிகிரி என்றது.

21 டிகிரிக்கு ஊட்டியை இழுப்பது கொஞ்சம் அநியாயம். ஊட்டியில் தலைகுந்தா, அவலாஞ்சி பக்கமெல்லாம் டிசம்பர், ஜனவரியில் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு வரும். புல் மேல் உப்புத் தூவின மாதிரி உறைபனி கிடக்கும். சென்னையின் சரித்திரத்திலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பம் 13.9 டிகிரிதான். 1895 டிசம்பர் 11-ம் தேதி ஒரு தடவை, 1905 ஜனவரி 29-ம் தேதி இன்னொரு தடவை. அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, அந்த ரிக்கார்டை உடைக்க ஆளில்லை. வானிலை இலாகா கணக்குப்படி சமவெளியில் 'குளிர் அலை' என்று சொல்ல வேண்டுமானால் வெப்பம் 10 டிகிரிக்காவது இறங்கியிருக்க வேண்டும். ஆக, சென்னையில் பிறந்து வளர்ந்தவன் ஆயுசு பூராவும் அரசாங்க முத்திரை போட்ட கடுங்குளிரைப் பார்க்காமலே போய்ச் சேரலாம்.

கடலிலிருந்து தள்ளியிருப்பதால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ராத்திரியில் மயிலாப்பூரைவிட ஒன்றிரண்டு டிகிரி இறங்கும், வாஸ்தவம். அந்த ஒன்றிரண்டு டிகிரியை வைத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் செய்கிற அலட்டல் இருக்கிறதே... மயிலாப்பூர் மச்சான் வந்தால் "ராத்திரி ஃபேன் போட மாட்டோம் தெரியுமா?" என்று ஏதோ சுவிட்சர்லாந்தில் வீடு வாங்கின தோரணை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பால்காரர் அதோடு நிற்கவில்லை. டீ கிளாஸை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "கை காலெல்லாம் ஜில்லுன்னு ஆயிப்போச்சு" என்றார். குளிர் என்று ஆரம்பித்தவர் ஜில்லில் போய் முடித்தார். கவனித்தீர்களா? குளிர் வேறு, ஜில் வேறு. எனக்கு இது சாதாரணமாக உறைத்திருக்காது. ஆனால் இந்த ஊரில் ஒரு ஆயா எனக்கு அந்த வித்தியாசத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறாள். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் பற்று, வரவு என்று இரண்டு பத்தி போட்டுப் பார்க்கிற வியாதி உண்டு. 'குளிர்' என்ற சொல்லுக்குப் பேரேடு போட்டால் கிட்டத்தட்ட எல்லாமே வரவுப் பக்கம்தான் விழுகிறது. மனம் குளிர்ந்தது, கண் குளிரப் பார்த்தான், வயிறு குளிர வாழ்த்தினாள், காது குளிரக் கேட்டேன். இளநீர் குளிர்ச்சி, மோர் குளிர்ச்சி, நல்லெண்ணெய் தலைக்குக் குளிர்ச்சி. வருஷத்தில் பத்து மாசம் வெயிலில் வேகிறவன் பாஷையில் குளிர் வரமாகத்தானே இருக்கும்? பற்றுப் பக்கம் தேடினால் குளிர்காய்ச்சல் கிடைக்கும். அப்புறம், அடுத்தவன் வீடு எரியும்போது குளிர்காய்கிறவர்கள். அதில்கூடத் தப்பு குளிர் பேரில் இல்லை, காய்கிறவன் பேரில்!

இந்த வரவுக் கணக்கின் தலைமைச் செயலகம் எங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. திருவேற்காடு. கருமாரியம்மன் கோயிலுக்கு ஆடி மாசம் போய்ப் பாருங்கள். வேப்பிலை, கூழ், இளநீர், மஞ்சள் தண்ணீர். எல்லாமே அம்மனைக் குளிர வைக்கிற சமாசாரம். அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்பார்கள், கொப்புளம் அடங்கினால் "ஆத்தா குளுந்துட்டா" என்பார்கள். அப்புறம் வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர். பெரியம்மை 1975-லேயே இந்தியாவை விட்டு ஒழிந்துவிட்டது. வார்த்தை மட்டும் ஒழியவில்லை. இன்றைக்கும் சாதாரணக் காய்ச்சல் இறங்கினால்கூட எங்கள் பக்கம் "உடம்பு குளுந்துடுச்சு" என்றுதான் சொல்கிறார்கள். சொல்கிறவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். இந்த நிம்மதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் குளிர் பயத்துக்குப் பிரதிநிதியாக வருகிறது. "உனக்குக் குளிர் விட்டுப் போச்சுடா!" பள்ளிக்கூட வாத்தியார்கள் அத்தனை பேரும் சொன்னது. ஆரம்பத்தில் நடுங்கிக்கொண்டிருந்த பயல் இப்போது நடுங்கவில்லை, துணிந்துவிட்டான் என்று அர்த்தம். என் அனுபவத்தில், வாடகை வீட்டுக்காரருக்கும் ஒரு வருஷம் ஆனால் குளிர் விட்டுப் போய்விடுகிறது.

பழைய தமிழனுக்குக் குளிர் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. வருஷத்தை ஆறாகப் பிரித்தவன் அதில் கூதிர், முன்பனி, பின்பனி என்று மூன்றைக் குளிருக்கே எழுதி வைத்துவிட்டான். நக்கீரர் 'நெடுநல்வாடை' என்று 188 அடியில் பாட்டே எழுதினார். அதில் குளிர் தாங்காமல் பசு தன் கன்றையே உதைத்து விரட்டுகிறது. பறவை மரத்திலிருந்து விழுகிறது. பொதினி மலைப் பேகன் மயிலைப் பார்த்து, 'ஐயோ, நடுங்குதே' என்று தன் போர்வையை எடுத்துக் கொடுத்துவிட்டான். கடையெழு வள்ளல்கள் லிஸ்டில் அதற்காகவே இடம் கிடைத்தது. (மயில் கேட்கவே இல்லை என்பதுதான் விசேஷம். தமிழ்நாட்டின் முதல் இலவச மங்கி குல்லா அதுதான் என்பது என் கட்சி.) கூதிரின் பேரன் 'கூதல்' தெற்கே இன்னும் உயிரோடு இருக்கிறான். என் மனைவி திருநெல்வேலிக்காரி. மழை விட்ட ராத்திரி "கூதலடிக்கி" என்று போர்வை முழுவதையும் இழுத்துக்கொள்வாள். அயனம்பாக்கத்தில் அதைச் சொன்னால் யாருக்கும் புரியாது. போர்வை போனது மட்டும் எனக்குப் புரியும்.

பனி என்ற வார்த்தை இன்னும் வேடிக்கை. புல்லின் மேல் விழுகிற துளியும் பனி, கண்ணை மறைக்கிற மூட்டமும் பனி, இமயமலையில் கொட்டுவதும் பனி. எங்கள் உறவுக்காரப் பையன் டொரண்டோவில் இருக்கிறான். ஒருநாள் ஃபோனில், "பெரியம்மா, ஒரே பனி. வாசல் கதவைத் திறக்க முடியல" என்றான். பெரியம்மா அசரவில்லை. "இங்கயும் அப்படித்தாம்ப்பா. தலைல ஒரு துண்டைக் கட்டிக்க, சரியாப்பூடும்" என்றாள். அங்கே மைனஸ் இருபது. இங்கே வாசலில் கோலமாவு கொஞ்சம் ஈரமாயிருந்தது.

இப்படி நல்ல வார்த்தைகளையெல்லாம் நல்ல காரியத்துக்கே செலவழித்துவிட்டதால், நிஜமாகவே தாங்க முடியாத குளிர் வரும்போது தமிழனுக்குக் கையிருப்பு இல்லாமல் போயிற்று. என்ன செய்தான்? சத்தத்தைக் கடன் வாங்கினான்! உடம்பு வெடவெடக்கிறது, பல் கிடுகிடுக்கிறது, காற்று சிலுசிலுக்கிறது. எல்லாம் ஓசைதான். அந்த வரிசையில் வந்த தொட்டுணர்கிற வார்த்தைதான் சில். பேச்சில் ஜில்.

ஆங்கிலத்திலும் 'சில்' என்று இருக்கிறதே, அங்கிருந்து வந்ததா என்று கேட்பீர்கள். சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அது பழைய ஆங்கிலத்தில் பிறந்து 'கோல்டு'க்குச் சகோதர முறையாக வேண்டியது. நம்முடையது தொட்டவுடன் வாயில் வருகிற ஓசை. இரண்டு பேரும் தனித்தனியாகப் புறப்பட்டு ஒரே ஸ்டாப்பிங்கில் இறங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த ஜில்லுக்கு நம்மிடம் ரொம்பச் செல்லம். 1968-ல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மனோரமா ஜில் ஜில் ரமாமணியாக வந்தார். பெயரைச் சொன்னாலே சிரிப்பு வந்தது. 2006-ல் 'சில்லுனு ஒரு காதல்' என்று சூர்யா - ஜோதிகா படம். மே மாசம் எந்த ஜூஸ் கடை போர்டிலும் ஜில் இல்லாமல் இருக்காது. எழுத்துகளின் மேல் வெள்ளையாக ஐஸ் வழிகிற மாதிரி பெயின்டர் வரைந்திருப்பார். அந்த ஐஸ் வழிகிற எழுத்து இல்லையென்றால் அது கோடை காலமே இல்லை.

ஆனால் மெட்ராஸ்காரனுக்கு இந்த ஜில் முதலில் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். அமெரிக்காவிலிருந்து. கப்பலில்! பாஸ்டன் நகரத்தில் ஃபிரெடரிக் டியூடர் என்று ஒரு வியாபாரி. மாசசூசெட்ஸ் மாகாணத்து ஏரிகள் குளிர்காலத்தில் உறைந்துபோனால் ரம்பம் போட்டுப் பாளம் பாளமாக அறுப்பார். மரத்தூள் போட்டுக் கப்பலில் ஏற்றி உலகமெல்லாம் விற்பார். 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பியபோது நாலு மாசப் பயணம். கிளம்பியது 180 டன், போய்ச் சேர்ந்தது சுமார் 100 டன். மீதி கடலோடு கடல். வழியில் 80 டன் காணாமல் போயும் லாபம் பார்த்த வியாபாரி அவர். பி.காம். பாடப்புத்தகத்தில் 'தேய்மானம்' என்ற அத்தியாயத்துக்கு அந்த மனுஷர் படத்தைப் போட்டிருக்க வேண்டும்.

அந்த ஐஸை இறக்கிவைக்க 1842-ல் மெரினாவுக்கு எதிரே கட்டினதுதான் ஐஸ் ஹவுஸ். பிற்பாடு இந்தியாவிலேயே ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டதும் கடை படுத்துவிட்டது. கட்டடம் பிலிகிரி ஐயங்கார் கைக்கு வந்து, 1897-ல் விவேகானந்தர் ஒன்பது நாள் தங்கினார். இன்றைக்கு அது விவேகானந்தர் இல்லம். ஆனாலும் அந்த வட்டாரத்தை இன்னமும் ஐஸ் ஹவுஸ் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். டியூடரின் ஆட்கள் 1846-47 குளிர்காலத்தில் ஐஸ் அறுத்த ஏரிகளில் வால்டன் குளமும் ஒன்று. அதன் கரையில் குடிசை போட்டுக்கொண்டிருந்த தோரோ, தன் கிணற்றுத் தண்ணீரை மெட்ராஸ்காரர்கள் குடிக்கிறார்கள் என்று புத்தகத்தில் பெருமையாக எழுதி வைத்தார். அயனம்பாக்கம் ஏரி ஒருநாளும் உறைந்ததில்லை. யாரும் அதை ரம்பத்தால் அறுக்கவில்லை. அறுத்து பிளாட் போடாமல் இருந்தால் போதாதா?

டீக்கடைக்குத் திரும்புகிறேன். அங்கே தினமும் வருகிற ஒரு பெரியவர் உண்டு. ராணுவத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்பத்தூர், ஆவடி பக்கம் இப்படி நிறையப் பேரைப் பார்க்கலாம். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை, சி.ஆர்.பி.எஃப்., ராணுவ உடைத் தொழிற்சாலை எல்லாம் இருக்கிறதல்லவா? (2021 அக்டோபரில் ராணுவத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனியாகப் பிரித்தபோது, உடைத் தொழிற்சாலை 'ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட்' என்ற கம்பெனியில் சேர்ந்தது. சிப்பாயின் சௌகரியத்துக்கு ஒரு லிமிடெட் கம்பெனி!) நம்ம சுபேதார் மார்கழியில் மல் வேட்டியும் ஒரு பனியனுமாக வருவார். மங்கி குல்லாக்களைப் பார்த்து ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை. அதுதான் அவர் பெரிய மனுஷத்தனம்.

சியாச்சினில் ஒரு முறை போட்டு வந்தவர் அவர். 1984 ஏப்ரலில் நம் ராணுவம் ஏறின அந்தப் பனிமலையில் மைனஸ் 50 வரைக்கும் இறங்கும். "ஆரஞ்சுப் பழம் கிரிக்கெட் பந்து மாதிரி ஆயிடும் தம்பி. டூத் பேஸ்ட் வெளியே வராது. வெறுங்கையால துப்பாக்கி இரும்பைத் தொட்டா தோல் ஒட்டிக்கும்" என்பார்.

"அங்கே குளிருக்கு என்ன வார்த்தை சார் சொல்வீங்க?" என்று கேட்டேன். என் ஆராய்ச்சி எனக்கு.

கொஞ்ச நேரம் யோசித்தார். "குளிருதுன்னு யாரும் சொல்ல மாட்டோம். அதான் எல்லாருக்கும் குளிருதே! 'மரத்துப் போச்சு'ன்னு ஒருத்தன் சொன்னா அப்பத்தான் எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். வலிக்கிற வரைக்கும் விரல் நம்மளது. வலி நின்னுச்சுன்னா பயம்."

மரத்துப்போவது. மரமாகிவிடுவது. அதற்கு மேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. 2016 பிப்ரவரி 3-ம் தேதி சியாச்சினில் 19,600 அடி உயரத்துச் சோனம் முகாமின் மேல் பனிச்சரிவு விழுந்து மெட்ராஸ் ரெஜிமெண்ட்டைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரரை மட்டும் உயிரோடு தோண்டி எடுத்தார்கள். நாடே பிரார்த்தனை பண்ணியது. பிப்ரவரி 11-ம் தேதி அவரும் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க எங்கள் டீக்கடையில் குளிர் பற்றி யாரும் ஜோக் அடிக்கவில்லை.

இப்போது ஆயா கதை. இது 2017-ம் வருஷம் ஐப்பசியில் நடந்தது. தமிழ்நாடு பூராவும் டெங்கு ஆட்டம் போட்டுக்கொண்டிருந்த சமயம். உடனே ஏரியைத் திட்டாதீர்கள். டெங்குக் கொசு ஏரி, குளம் தேடிப் போவதில்லை. உங்கள் வீட்டுத் தண்ணி டிரம், மொட்டை மாடியில் கிடக்கிற பழைய டயர், கொட்டாங்கச்சி இதெல்லாம்தான் அதற்கு அரண்மனை. பகலிலேயே கடிக்கிற துணிச்சல்கார ஜென்மம். அதற்கும் குளிர் விட்டுப் போச்சு.

நான் குடியிருக்கும் தெருவில், பக்கத்து வீட்டில் ஆறு வயசுப் பையன். நாலு நாளாக அனலாய்க் கொதித்தான். டாக்டரிடம் காட்டி மருந்து, கஞ்சி எல்லாம் நடந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் காலை காய்ச்சல் சுத்தமாக இறங்கிவிட்டது. அப்பாக்காரருக்கு ஒரே சந்தோஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் வேலை, மூன்று நாள் லீவு ஏற்கனவே போயிற்று. வாசலில் என்னைப் பார்த்து, "உடம்பு குளுந்துடுச்சு சார். திங்கக்கிழமை ஸ்கூல் அனுப்பிடலாம்" என்றார். அதே நிம்மதி, நான் மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது அப்படியே முகத்தில். நானும் "அப்பாடா" என்றேன்.

உள்ளே பையன் பாயில் சுருண்டிருந்தான். அம்மா இட்லி ஊட்டப் பார்க்கிறாள், அவன் வாயைத் திறக்கவில்லை. காலையிலிருந்து இரண்டு தடவை வாந்தி. வயிறு வலி என்கிறான். சளி, காய்ச்சல் போன களைப்பு என்று எல்லோரும் நினைத்தோம். ஆயா, அதாவது அப்பாக்காரரின் அம்மா, பூக்கட்டிக்கொண்டிருந்தவள் நாரைப் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். பேரன் நெற்றியில் கையை வைத்தாள். அடுத்ததாகக் கழுத்து. போர்வையை விலக்கிப் பாதத்தைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை.

"நைனா, ஆட்டோ கூப்புடு" என்றாள் மகனிடம்.

"ஏம்மா, அதான் குளுந்துடுச்சே?"

"நெத்திதான்டா குளுந்திருக்குது. காலு ஜில்லிட்டுக் கெடக்குது. ரெண்டும் ஒண்ணில்ல. கெளம்பு!"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆயா அவர் கையைப் பிடித்து இழுத்துப் பையன் பாதத்தில் வைத்தாள். அவ்வளவுதான். சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் ஓடினார். வானகரம் ரோட்டில் அந்த நேரத்துக்கு ஆட்டோ கிடைத்தது புண்ணியம்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா செய்த முதல் காரியம், பையனின் கட்டைவிரல் நகத்தை ஒரு அழுத்து அழுத்தி விட்டுவிட்டு வாய்க்குள் எண்ணியது. நகம் வெளுத்துப் போகும், விட்டதும் சிவப்பு திரும்ப வேண்டும். இரண்டு வினாடிக்குள் வந்துவிட்டால் சரி. இவனுக்கு வரவில்லை. உடனே டிரிப்ஸ். மூன்று நாள் உள்ளே இருந்தான். பிழைத்தான்.

அப்புறம் அந்த டாக்டரம்மா விளக்கினார். டெங்குவில் காய்ச்சல் அடிக்கிற நாளைவிட, காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்து. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும்போது, சிலருக்கு ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும். ரத்தம் குறைகிறது என்று தெரிந்ததும் உடம்பு ஒரு கெட்டிக்காரத்தனம் பண்ணும். இருதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பிவிட்டு, கை காலுக்கு சப்ளையை நிறுத்திவிடும். முழுகப் போகிற கம்பெனி முதலில் கிளை ஆபீஸ்களை மூடுகிற மாதிரி. அதனால்தான் நெற்றி சாதாரணமாக இருக்க, பாதம் மட்டும் ஜில். அந்த ஒன்றிரண்டு நாளைத் தாண்டுவதற்குள் சரியான அளவு நீர் ஏற்றினால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். 'காய்ச்சல்தான் விட்டுப்போச்சே' என்று வீட்டில் வைத்துக்கொண்டால்தான் கஷ்டம். விடாத வாந்தி, வயிற்று வலி, பல் ஈறில் ரத்தம், பையன் துவண்டு கிடப்பது, இதெல்லாம் கூட வந்தால் யோசிக்கவே கூடாதாம்.

"பாட்டி நர்ஸா இருந்தாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டாராம். ஆயா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. ஏழு பிள்ளை பெற்று நாலைக் காப்பாற்றினவள். மற்ற மூன்று பேரைப் பற்றி ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டே சொன்னாள். அதில் ஒன்றுக்கும் காய்ச்சல்தான். 'குளுந்துடுச்சு' என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மத்தியானம் பார்த்தால் கால் ஜில்லிட்டுப் போயிருந்தது. அப்போது அயனம்பாக்கத்தில் ரோடும் இல்லை, ஆட்டோவும் இல்லை. "அந்த ஜில்லு கையிலயே நின்னுடுச்சுபா" என்றாள். நாரைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டு அடுத்த முழத்துக்குப் போய்விட்டாள்.

குளிர்ந்துவிட்டது என்றால் நோய் போயிற்று. ஜில்லிட்டுவிட்டது என்றால் உயிர் போகப் பார்க்கிறது. இரண்டையும் தெர்மாமீட்டர் ஒரே மாதிரி, எண்ணிக்கை குறைந்தது என்றுதான் சொல்லும். தமிழ் தனித்தனியாகச் சொல்கிறது. ஜூஸ் கடைக்காரர் கொஞ்சுகிற அதே ஜில்தான், சாவு வீட்டிலும் "கையைத் தொட்டேன், ஜில்லுனு இருந்துச்சு" என்று வருகிறது. யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. கேட்கிறவருக்கு உடனே புரிகிறது.

ஏரிக்கரையிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருகிற முனையில் ஒரு ஜூஸ் கடை இருக்கிறது. போர்டில் வழக்கம்போல் ஐஸ் வழிகிற எழுத்து. அதே சுவரில், ஒரு அடி தள்ளி, 'ஃப்ரீசர் பாக்ஸ் - அமரர் ஊர்தி - 24 மணி நேரமும்' என்று நோட்டீஸ். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்கிற வரைக்கும் காத்திருக்க வைக்கிற கண்ணாடிப் பெட்டி. முன்னெல்லாம் ஐஸ் பாளம் வாங்கி வந்து சாக்கில் சுற்றி அடியில் வைப்பார்கள். டியூடர் வேலை இன்றைக்கும் இரண்டு கிளையாக நடக்கிறது, ஒரே சுவரில். கடைக்காரருக்கு அந்த நோட்டீஸ் மேல் ஏகக் கோபம். மூன்று தடவை கிழித்துவிட்டார், மூன்று தடவையும் ராத்திரியோடு ராத்திரியாக வந்து ஒட்டிவிட்டார்கள். "கஸ்டமர் கூலிங் கேக்கறப்போ கண்ணுல படுது சார்!"

போன சித்திரையில் ஒரு மத்தியானம் அங்கே நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பையன் வந்தான். இப்போது மீசை அரும்புகிறது, என்னைவிட உயரம். கூடவே ஆயா, முட்டி வலியோடு ஒரு அடி, ஒரு அடியாக. வெயில் மண்டையைப் பிளந்தது.

"அண்ணா, ஒரு ரோஸ்மில்க். நல்லா ஜில்லுனு!" என்றான்.

"கூலிங்கா, நார்மலா?" என்று கடைக்காரர் வழக்கப்படி கேட்டார். அவன் சொன்னது காதில் விழவில்லை போலிருக்கிறது.

"ஜில்லுண்ணா!"

கடைக்காரர் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவி ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்து வைத்தார். பையன் எடுப்பதற்குள் ஆயா அதை வாங்கி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயா, குடு!"

"இருடா. தொண்ட கட்டிக்கும். கொஞ்சம் குளுரட்டும்" என்றாள்.

ஜில்லிட்டிருந்த பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அது குளிர்வதற்காகக் காத்திருந்தாள்.